4294967297: ஒரு பெரிய எண்ணை ஆராய்வது எப்படி?

4294967297. நாம் எழுதும் முறையில் காற்புள்ளி போட்டால் 4,29,49,67,297. அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. மேலோட்டமாகப் பார்த்தால் எந்தச் சிறப்பும் தெரியாத பத்து இலக்க எண். ஆனால் பகா எண், காரணி, மீதி, இரும எழுத்து, கணினியில் எண்கள் நிரம்பி வழிவது என்று எண் கோட்பாட்டின் முதல் பாடங்கள் பலவற்றை இந்த ஒரே எண்ணை வைத்துப் படித்துவிடலாம். பெரும்பகுதிக்குத் தாளும் பேனாவும் போதும்.

இந்த எண்ணின் திறவுகோல் இதுதான்: 4294967297 = 2³² + 1. இரும முறையில் எழுதினால் முதலில் ஒரு 1, நடுவில் 31 பூஜ்யங்கள், கடைசியில் ஒரு 1, மொத்தம் 33 இலக்கங்கள். பத்தடிமானத்தில் எழுதும்போது இந்த ஒழுங்கு முழுக்க மறைந்துபோகிறது. எந்தப் பெரிய எண்ணை எடுத்தாலும் முதலில் இப்படியொரு வடிவம் ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். வகுக்கத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். ஏன் என்பது கீழே தெரியும்.

சிறிய காரணிகள் உண்டா?

கடைசி இலக்கம் 7. எனவே 2, 5 இரண்டும் வகுக்காது. இலக்கங்களின் கூடுதல் 4+2+9+4+9+6+7+2+9+7 = 59. 59ஐ 3ஆல் வகுத்தால் மீதி 2, 9ஆல் வகுத்தால் மீதி 5. மூல எண்ணுக்கும் அதே மீதிகள்தான். ஆகவே 3ம் இல்லை.

7, 11, 13 மூன்றையும் ஒரே அடியில் சோதிக்கலாம். 7 × 11 × 13 = 1001 என்பதால், எண்ணை வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரித்து, மாறி மாறிக் கூட்டிக் கழித்தால் போதும்: 297 − 967 + 294 − 4 = −380. 380ஐ 7, 11, 13 எதுவும் மீதியின்றி வகுக்காது. அதனால் நம் எண்ணையும் வகுக்காது. இங்கே பலர் தவறுகிறார்கள். லட்சம், கோடிக் காற்புள்ளி முதல் மூன்று இலக்கங்களுக்குப் பிறகு இரண்டிரண்டாகப் பிரிக்கிறது. அந்தத் துண்டுகளை அப்படியே எடுத்தால் விடை தவறிவிடும். இந்தச் சோதனைக்கு 4 | 294 | 967 | 297 என்று மும்மூன்றாகத்தான் பிரிக்க வேண்டும்.

இப்படியே பகா எண்களை வரிசையாக எடுத்து வகுத்துக்கொண்டே போனால் எங்கே நிறுத்துவது? வர்க்கமூலம் வரை. ஓர் எண் இரண்டு காரணிகளாகப் பிரியுமானால், இரண்டுமே வர்க்கமூலத்தைவிடப் பெரியவையாக இருக்க முடியாது. 65536² = 4294967296, நம் எண்ணைவிட ஒன்றுதான் குறைவு. எனவே எல்லை 65536. அதுவரை உள்ள பகா எண்கள் 6542. அத்தனையையும் கையால் வகுத்துப் பார்ப்பது யாருக்கும் முடிகிற வேலை அல்ல.

ஃபெர்மாவின் நம்பிக்கை

2ன் அடுக்கோடு 1ஐக் கூட்டினால் எப்போது பகா எண் கிடைக்கும்? அடுக்கில் 1ஐத் தவிர வேறோர் ஒற்றைப்படைக் காரணி இருந்தால் கிடைக்காது. 2¹² + 1 = 4097 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 12 = 4 × 3 என்பதால் இதை (2⁴)³ + 1 என எழுதலாம்; அது 2⁴ + 1 ஆல், அதாவது 17ஆல் வகுபடும். 4097 = 17 × 241. ஆகவே அடுக்கும் 1, 2, 4, 8, 16, 32 என்று 2ன் அடுக்காகவே இருந்தால்தான் வாய்ப்பு உண்டு. அப்படி வரும் எண்களுக்கு ஃபெர்மா எண்கள் என்று பெயர்: 3, 5, 17, 257, 65537, பிறகு 4294967297.

முதல் ஐந்தும் பகா எண்கள். இந்த வரிசை முழுவதும் பகா எண்களாகவே இருக்கும் என்று கணிதவியலாளர் பியர் த ஃபெர்மா 1640இல் கடிதத்தில் எழுதினார். நிரூபணம் தன்னிடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். 1729இல் கோல்ட்பாக் இந்தக் கேள்வியை ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் எழுப்பினார். 1732இல் ஆய்லர் விடை சொன்னார்: ஆறாவது எண்ணான 4294967297, 641ஆல் வகுபடுகிறது.

பகா எண்களின் வரிசையில் 641 என்பது 116ஆவது. பொறுமையாக ஒவ்வொன்றாக வகுத்திருந்தாலும் 116ஆவது முயற்சியில் கிடைத்திருக்கும். ஆனால் 116ல் நிற்குமா, 6542 வரை போகுமா என்பது தொடங்கும்போது யாருக்கும் தெரியாதே. ஆய்லரின் வழியில் ஐந்தே முயற்சிகள்தான்.

64ன் சல்லடை

ப என்ற பகா எண் நம் எண்ணை வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2³² + 1ஐ ப-ஆல் வகுத்தால் மீதி 0. 2³²ஐ வகுத்தால் மீதி −1. (ப-இல் ஒன்று குறைவு என்பதை −1 என்று எழுதுவது வசதி.) அதை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴ தரும் மீதி 1.

2, 4, 8, 16, 32… என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றையும் ப-ஆல் வகுத்து மீதியைக் குறித்தால், ஒரு கட்டத்தில் மீதி 1 ஆகி அதே வரிசை மறுபடி சுழலும். அந்தச் சுழற்சியின் நீளம் எவ்வளவு? 2⁶⁴ மீதி 1 தருவதால் நீளம் 64ஐ வகுக்க வேண்டும். 64ன் வகுத்திகள் 1, 2, 4, 8, 16, 32, 64. இவற்றில் 64ஐத் தவிர மற்ற எல்லாம் 32ஐயும் வகுப்பவை. நீளம் அவற்றில் ஒன்றாக இருந்தால் 2³²ம் மீதி 1 தந்திருக்கும். ஆனால் அது தருவது −1. ஆகவே நீளம் சரியாக 64.

இனி ஃபெர்மாவின் சிறிய தேற்றம்: ப ஒற்றைப்படைப் பகா எண் என்றால், 2ன் (ப − 1)ஆம் அடுக்கை ப-ஆல் வகுக்க மீதி 1. எனவே சுழற்சி நீளமான 64, ப − 1 ஐ வகுக்க வேண்டும். ப என்பது 64ன் மடங்கைவிட ஒன்று கூடுதலான எண் என்று இதிலிருந்து கிடைக்கிறது.

அப்படிப்பட்ட எண்களை எழுதிப் பாருங்கள்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. பகு எண்களை அடித்துவிட்டால் எஞ்சுபவை 193, 257, 449, 577, 641. ஐந்தாவதே விடை. இந்தச் சல்லடைக்கு அடிப்படையான தேற்றம் ஃபெர்மாவே கண்டுபிடித்தது என்பதுதான் வியப்பு. அவர் கையிலேயே கருவி இருந்தது.

வகுத்துப் பார்க்க நீண்ட வகுத்தல் தேவையில்லை, வர்க்கப்படுத்திக்கொண்டே போனால் போதும். 641க்குச் செய்வோம்:

2⁸ = 256.
2¹⁶ = 256² = 65536. 641 × 102 = 65382. மீதி 154.
2³² க்கு 154² = 23716. 641 × 36 = 23076. மீதி 640.
1ஐக் கூட்டினால் 641, அதாவது மீதி 0.

நான்கு வரிகளில் முடிந்தது. இதே முறையில் மற்ற நான்கையும் சோதித்தால் 193க்கு மீதி 109, 257க்கு 2, 449க்கு 325, 577க்கு 288. நேரடிப் பெருக்கலிலும் சரிபார்க்கலாம்: 641 × 6700000 = 4294700000; மிச்சம் 267297; அது 641 × 417. ஆக 4294967297 = 641 × 6700417.

1878இல் எதுவார் லூக்கா சல்லடையை இன்னும் நெருக்கமாக்கினார்: காரணி 128ன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்க முடியும். அப்படியானால் முயல வேண்டிய பகா எண்கள் 257, 641 இரண்டே.

641 காரணி என்பதற்கு வகுத்தலே இல்லாத ஒரு நிரூபணமும் உண்டு. 641 = 5 × 2⁷ + 1. அதே 641 = 5⁴ + 2⁴. முதல் சமன்பாட்டின்படி 5 × 2⁷ தரும் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ தரும் மீதி 1. இரண்டாவதன்படி 5⁴ம் −2⁴ம் ஒரே மீதி தருபவை. மாற்றி வைத்தால் −2³² தரும் மீதி 1. அதாவது 2³² + 1 தரும் மீதி 0. இதைப் படிக்கும் புதியவர்கள் "அந்த 5 எங்கிருந்து வந்தது?" என்று தடுமாறுவது இயல்பு. 641 கிடைத்த பிறகுதான் அந்த 5 தெரியவரும். இது விடையைச் சரிபார்க்கும் வழியே தவிர, கண்டுபிடிக்கும் வழி அல்ல.

6700417ஐ விட்டுவிடாதீர்கள்

ஒரு காரணி கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நிறுத்துவது அடிக்கடி நடக்கும் பிழை. மறுபாதியும் பகா எண்தானா என்று பார்த்தாக வேண்டும். 2588² = 6697744, 2589² = 6702921; எனவே எல்லை 2588. 6700417ன் எந்தப் பகாக் காரணியும் மூல எண்ணின் காரணியும்கூட, ஆகவே அதே 128 சல்லடை இதற்கும் செல்லும். 2588க்குள் 129, 257, 385 என்று இருபது எண்கள் வருகின்றன. அவற்றில் பகா எண்கள் ஐந்துதான். வகுத்தால் வரும் மீதிகள்: 257க்கு 170, 641க்கு 44, 769க்கு 120, 1153க்கு 334, 1409க்கு 622. எதுவும் பூஜ்யம் இல்லை, எனவே 6700417 பகா எண். 641ஐ மறுபடி ஏன் சோதிக்க வேண்டும்? அது இருமுறை வகுக்கும் காரணியாக இருக்க வாய்ப்பு உண்டு என்பதால்.

பகாக் காரணிகள் முழுமையாகத் தெரிந்துவிட்டால் மற்ற பண்புகள் வரிசையாக வந்துவிடும். வகுத்திகள் நான்கு: 1, 641, 6700417, 4294967297. அவற்றின் கூடுதல் 642 × 6700418 = 4301668356. தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதல் 6701059 மட்டுமே. எண்ணைவிட மிகக் குறைவு, எனவே இது குறை எண். எந்தப் பகா எண்ணின் வர்க்கமும் இதை வகுக்காது. 1 முதல் இந்த எண் வரை, இதனோடு 1ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாத எண்கள் 640 × 6700416 = 4288266240. காரணிகளைத் தெரிந்துகொள்ளாமல் இந்தக் கடைசி எண்ணிக்கையைப் பெறச் சுருக்கு வழி எதுவும் அறியப்படவில்லை. ஆர்.எஸ்.ஏ. குறியாக்கத்தின் பாதுகாப்பு நம்பியிருப்பது இந்தக் கடினத்தைத்தான்; அங்கே எண்கள் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்டவை.

இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக

இந்த எண்ணின் பண்புகளில் மிக அழகானது இதுவே என்பேன். 4294967297 = 65536² + 1² என்பது வடிவத்திலேயே தெரிகிறது. இன்னொரு விதமாகவும் எழுதலாம்: 62264² + 20449². கணக்கிட்டுப் பாருங்கள்: 3876805696 + 418161601 = 4294967297.

ஒரு பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடிந்தாலும் ஒரே ஒரு விதத்தில்தான் முடியும். இரண்டு விதங்கள் கிடைத்துவிட்டால் அது பகா எண் அல்ல என்பது உறுதி. அதோடு நிற்கவில்லை, காரணியையே எடுத்துத் தரும் வழியை ஆய்லர் காட்டினார்.

ஒற்றைப்படையை ஒற்றைப்படையோடும் இரட்டைப்படையை இரட்டைப்படையோடும் சேர்த்து, கழித்தலும் கூட்டலும் செய்யுங்கள். கழித்தால் 65536 − 62264 = 3272, 20449 − 1 = 20448; இவற்றின் மீப்பெரு பொதுக் காரணி 8. கூட்டினால் 65536 + 62264 = 127800, 20449 + 1 = 20450; இவற்றின் மீப்பெரு பொதுக் காரணி 50. இரண்டையும் பாதியாக்கி வர்க்கப்படுத்திக் கூட்டினால் 4² + 25² = 16 + 625 = 641. இரட்டையை ஒற்றையோடு இணைத்துவிட்டால் வித்தியாசங்கள் ஒற்றைப்படை ஆகிவிடும், பாதியாக்க முடியாது. தவறு எங்கே என்று அங்கேயே தெரிந்துவிடும்.

மறுகாரணிக்கும் இதே வடிவம் உண்டு: 6700417 = 2556² + 409².

பகா எண்போல நடிக்கும் எண்

காரணி தேடாமலே பகா எண்ணா என்று சோதிக்கும் வழிகளில் எளியது: 2ஐ (எண் − 1)ஆம் அடுக்குக்கு உயர்த்தி, எண்ணால் வகுத்து, மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது. நம் எண்ணில் இந்தச் சோதனை ஏமாந்துவிடும். எண் − 1 என்பது 2³². அது 64ன் மடங்கு. 2⁶⁴ மீதி 1 தரும் என்று ப-க்கு முன்பே பார்த்த காரணம் இந்த எண்ணுக்கும் அப்படியே பொருந்தும், எனவே 2ன் 2³²ஆம் அடுக்கும் மீதி 1 தான் தரும். பகு எண்ணாக இருந்தும் 4294967297 சோதனையில் தேறிவிடுகிறது. ஃபெர்மா எண்கள் அனைத்தும் இப்படியே 2ஐ வைத்துச் செய்யும் சோதனையைத் தாண்டிவிடும்.

2க்குப் பதில் 3ஐ எடுத்தால் பிடிபட்டுவிடும். 3ன் 2³²ஆம் அடுக்கை இந்த எண்ணால் வகுத்தால் மீதி 3029026160. பகா எண்ணாக இருந்தால் 1 வந்திருக்க வேண்டும். 1877இல் பெப்பான் ஃபெர்மா எண்களுக்கெனத் தந்த சோதனை இன்னும் கூர்மையானது: அதில் பாதி அடுக்குவரை, அதாவது 3ன் 2³¹ஆம் அடுக்குவரை போய், மீதி −1 வருகிறதா என்று பார்க்க வேண்டும். −1 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். இரண்டில் ஒன்று உறுதியாகத் தெரிந்துவிடும். நம் எண்ணுக்கு வரும் மீதி 10324303. 3ஐ 31 முறை வர்க்கப்படுத்தி, ஒவ்வொரு முறையும் மீதி எடுத்தால் இது கிடைக்கும்.

கணினியில் செய்யும்போது எங்கே உடையும்?

குறியில்லாத 32 பிட் இடத்தில் அடங்கும் மிகப்பெரிய எண் 4294967295. நம் எண் அதைவிட 2 அதிகம். அந்த இடத்தில் திணித்தால் மேல் பிட் வெட்டப்பட்டு வெறும் 1 ஆகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராமல் போகலாம், விடை மட்டும் தவறாக இருக்கும். 32 பிட் மிதவைப் புள்ளியில் நிலைமை வேறு: இந்த அளவில் அடுத்தடுத்த எண்களுக்கு இடையே 512 இடைவெளி இருப்பதால் நம் எண் 4294967296 ஆகச் சுருங்கிவிடும். 64 பிட் மிதவைப் புள்ளியில் 2⁵³ வரை முழு எண்கள் சரியாக அடங்கும். எண்ணைச் சேமிப்பதில் சிக்கல் இல்லை. ஆனால் பெப்பான் சோதனையில் மீதியை வர்க்கப்படுத்தும்போது 19, 20 இலக்கங்கள் வரும். அங்கே கடைசி இலக்கங்கள் தொலைந்துபோகும். பத்து இலக்கக் கால்குலேட்டரிலும் இதே கதி.

சரி, குறியில்லாத 64 பிட் முழு எண் போதுமா? இதில்தான் நுட்பமான ஒரு பொறி இருக்கிறது. மீதிகள் 0 முதல் 4294967296 வரை வரலாம். 4294967295 வரை எந்த மீதியின் வர்க்கமும் 64 பிட்டில் அடங்கும். கடைசி ஒன்று, 4294967296, வர்க்கமானால் சரியாக 2⁶⁴. அது வழிந்து 0 ஆகிவிடும். அந்த ஒரே மீதிதான் −1, சோதனையில் முக்கியமானதே அதுதான். அதன் வர்க்கம் 1 ஆக இருக்க வேண்டிய இடத்தில் நிரல் 0 காட்டும். 2ஐ வைத்துச் சோதித்தால் 2³²ஐத் தொட்ட அடுத்த வர்க்கத்திலேயே இது நடந்துவிடும். பைதான் போல முழு எண்ணுக்கு அளவுக் கட்டுப்பாடு இல்லாத மொழியில் செய்தால் இந்தத் தொல்லை இல்லை.

பக்கத்து எண்ணையும் ஒருமுறை பார்க்கலாம். 4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537. முந்தைய ஐந்து ஃபெர்மா எண்களையும் பெருக்கினால், ஆறாவதில் இரண்டு குறைவாக வருகிறது. ஆகவே ஆறாவதற்கும் அவற்றுக்கும் பொதுவான காரணி இருந்தால் அது 2ஐயும் வகுக்க வேண்டும். எல்லாம் ஒற்றைப்படை என்பதால் அது நடக்காது. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையலாம் என்று இன்று அறியப்பட்ட ஒழுங்குப் பலகோணிகளில், பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையாக உள்ளவற்றுள் மிகப்பெரியது இந்த 4294967295 பக்கங்கள் கொண்டது. காஸ் 17 பக்கப் பலகோணியில் தொடங்கிவைத்த கோட்பாட்டின் விளைவு இது. இரண்டு பக்கம் கூட்டி 4294967297 ஆக்கினால் வரைய முடியாது. ஒற்றைப்படைப் பக்க எண்ணிக்கையின் பகாக் காரணிகள் எல்லாம் ஃபெர்மா எண்களாக இருக்க வேண்டும் என்கிறது அந்தக் கோட்பாடு; 641, 6700417 இரண்டும் ஃபெர்மா எண்கள் அல்ல.

அடுத்த ஃபெர்மா எண்களுக்கு இதே வழி எவ்வளவு தூரம் போகும்? 2⁶⁴ + 1 = 18446744073709551617. லூக்காவின் சல்லடைப்படி இதன் காரணிகள் 256ன் மடங்கைவிட ஒன்று கூடுதல். சிறிய காரணி 274177 = 256 × 1071 + 1; கையால் செய்பவருக்குக் கடினம், கணினிக்கு ஒரு நொடிகூட ஆகாது. அதற்கடுத்த 2¹²⁸ + 1 இல் சல்லடை 512க்கு உயர்கிறது. ஆனால் அதன் சிறிய காரணியே 59649589127497217. 512ன் 116503103764643ஆவது மடங்கைத் தாண்டி நிற்கிறது. அத்தனை எண்களை வரிசையாக முயல்வது வீண் வேலை. மோரிசனும் பிரில்ஹார்ட்டும் 1970இல் தொடர் பின்னங்களை அடிப்படையாகக் கொண்ட வேறொரு முறையைக் கணினியில் ஓட்டித்தான் அதைப் பிரித்தார்கள்.